சங்கிலி உபவாசம்

பெரியவள் திறந்த நான்காவது டப்பாவும் காலி. தீர்ந்துபோன காலி அல்ல. கழுவி, வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து வைத்த காலி. ஐந்தாவதின் மூடியைத் திருகினாள். எவர்சில்வர் அடியில் அவள் முகம்தான் தெரிந்தது. அடுப்பிலிருந்து கேஸ் டியூபைக் கழற்றி, சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தார்கள். பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. நான்கு தண்ணீர் பாட்டில்களும், ஜெபம் பண்ணிக் கொடுத்த எண்ணெய்ச் சீசா ஒன்றும் இருந்தன. சாப்பிடுகிற பொருள் என்று ஒன்றுகூட இல்லை.

தம்பி வீட்டு முன்னறையில் அவனோடு சபைக்காரர்கள் எட்டுப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் உள்ளறைக் கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறந்து, அவளை அடையாளம் கண்டு, "பெரியவளே, பசிக்குது. பால்ல நனைச்சு ரஸ்க் குடு" என்று சொல்லியிருந்தார். பதினோரு நாளாகத் தண்ணீரைத் தவிர ஒரு வாய்கூட உள்ளே விடாத மனிதர்.

இந்தப் பசியை அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல் கூடத்தில் நோயாளிகளுக்குத் தட்டு பிரித்து அனுப்புகிற வேலை அவளுக்கு. உப்பில்லாத தட்டு, சர்க்கரையில்லாத தட்டு, மசித்த தட்டு. கட்டிலில் 'வாய்வழி எதுவும் கூடாது' என்று சீட்டுத் தொங்கினால் தட்டே கிடையாது. வாரக்கணக்கில் ஸ்பூனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், திடீரென்று ஒருநாள் காலையில் தெளிவாக ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். வார்டிலிருந்து அப்படிப் போன் வந்தால் சீட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உடனே செய்து அனுப்ப வேண்டும். எழுதிவைக்காத சட்டம் அது. சமையல் கூடத்தில் அதற்குப் பெயரே 'கடைசித் தட்டு'. அப்படிக் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மறுநாள் தட்டு தேவைப்பட்டதில்லை.

பிரிட்ஜை மூடியபோதுதான் கதவில் ஒட்டியிருந்த அட்டையைச் சரியாகப் பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'இருபத்தொரு நாள் சங்கிலி உபவாசம்'. கீழே கட்டம் கட்டமாக யார் எந்த வேளையை விடுகிறார்கள் என்று பட்டியல். டியூஷன் டீச்சர் மதியச் சாப்பாடு மட்டும், அதுவும் செவ்வாயும் வெள்ளியும். கண்ணாடிக் கடைக்காரர் காலையும் மதியமும் விடுகிறார். விட்டதையெல்லாம் ராத்திரி சேர்த்துப் பிடித்துவிடுகிற வகை அவர், தொப்பையே சாட்சி. தம்பியும் தம்பி மனைவியும் முழு நாள். மாலை ஆறரைக்கு ஜெபக்கூடத்தில் தம்பி ஒரு டம்ளர் கஞ்சி குடிப்பான், மனைவிக்கு ஒரு டம்ளரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வருவான். வீட்டுக்குள் சாப்பாடு வரக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம்தான். ஆனால் அது உபவாசக் கஞ்சி, சாப்பாட்டில் சேராது என்று அவனே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

கடைசி வரிசையைப் படித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வேறு மையில், தம்பியின் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது: 'அப்பா — முழு உபவாசம் — பத்தாம் நாள் முதல்.' முடிந்த பதினோரு நாளின் கட்டத்திலும் டிக் போட்டிருந்தது. இன்றைய நாளுக்கும் காலையிலேயே போட்டாகிவிட்டது.

வயிற்றில் கட்டி வந்து, டாக்டர்கள் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய கிழவர் சாப்பிட முடியாமல் வாயை மூடிக்கொண்டார். அதைப் பிடித்து உபவாசக் கணக்கில் சேர்த்துவிட்டான். சபையில் அறிவித்தும் இருப்பான். தம்பி எதையும் வீணாக்க மாட்டான்.

அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பழகுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனக்கென்று இன்னொரு பிரேக் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதே தொழில். கடவுளையும் அவன் அப்படித்தான் ஓட்டவிட்டான். ஸ்டியரிங் அவர் கையில் இருக்கட்டும். இந்தப் பக்கம் திரும்பு, இங்கே நில், இப்போது சுகமாக்கு என்பதெல்லாம் இவன் சொல்லுவான். இருபது நாளாகக் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, அந்த வெடிப்பைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டே எல்லாரிடமும் பேசினான். கொஞ்சம் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். தடவ மாட்டான்.

ஐந்தாம் நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு மசித்த காய் சூப் கொண்டுவந்தபோது வாசலிலேயே மறித்தான். அப்பாவுக்கு வேண்டியதை வீட்டிலேயே ஜெபம் பண்ணிச் செய்து கொடுக்கிறோம், வெளிச்சாப்பாடு வேண்டாம் என்றான். "நீயும் உன் பட்டினியும்" என்று பிளாஸ்கோடு திரும்பிப் போனவள், இன்றைக்குத்தான் வருகிறாள். தம்பி மனைவி காலையில் போன் செய்து, "வந்துடுங்க அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

பெரியவள் முன்னறைக்குப் போனாள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

"டேய், அப்பா பசிக்குதுங்கறார்."

பாட்டு நின்றது. தம்பி எழுந்தான். கண் நிறைந்துவிட்டது.

"என்ன சொன்னார்?"

"பசிக்குதுன்னார். ரஸ்க் வேணுமாம்."

"அல்லேலூயா!" என்று கத்தினான். எட்டுப் பேரும் கையைத் தூக்கினார்கள். டியூஷன் டீச்சர் வாய்விட்டு அழுதாள். "பதினோரு நாள் பச்சைத்தண்ணியத் தவிர ஒண்ணும் இறங்கலயே, இப்ப பசின்னு கேக்கறாரே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தம்பி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான். பாஸ்டர் வேறொரு வீட்டில் இருந்தார். உபவாசத்தை முடித்துவைக்க ஆறு மணிக்கு வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு. தம்பி 'சரிங்க பாஸ்டர்' என்று நாலு தடவை சொல்லி வைத்தான்.

"ஆறு மணிக்கு வர்றார். அவர் கையாலதான் அப்பாவுக்கு முதல் வாய். எல்லாருமா சேர்ந்து முடிப்போம்."

"ஆறு மணிக்கா? இப்ப மணி பதினொண்ணுடா."

"அக்கா, இருபது நாள் காத்திருந்தாச்சு. ஒரு ஏழு மணி நேரம் காத்திருக்க முடியாதா?"

"யாரு காத்திருக்கறது? நீயா, அவரா?"

"அவரும்தான் உபவாசத்துல இருக்கார்."

"அவர் எப்படா இருந்தார்? நீ எழுதிக்கிட்ட. அவரால முழுங்க முடியல, அவ்வளவுதான். இது பொழைக்கற பசி இல்லடா. நான் நூறு பேரைப் பாத்திருக்கேன். இது போற பசி."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் டியூஷன் டீச்சர். "நாவுல மரணமும் ஜீவனும் இருக்கு."

"உங்க நாவுல மதியச் சாப்பாடு மட்டும்தான் இல்ல டீச்சர். அதுவும் செவ்வாய், வெள்ளி."

கண்ணாடிக் கடைக்காரர் இருமினார். தம்பி அக்காவின் தோளைத் தொட்டான். அவன் குரல் தாழ்ந்துவிட்டது. அவன் குரல் தாழ்ந்தால் பிடிவாதம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"அக்கா, கடைசி நாள். கடைசி நாள்ல முறிச்சா மொத்தமும் போச்சு. உனக்கு இதெல்லாம் புரியாது. உனக்கு விசுவாசம் இல்ல, பரவாயில்ல. வாசல்லயே நின்னுக்கோ, உள்ள இருக்கறவங்களத் தள்ளிவிடாத."

விசுவாசம் இல்லைதான். ஆனால் உபவாசம் என்றால் என்னவென்று அவள் பார்த்திருக்கிறாள். அப்பா லாரி எடை மேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் உபவாசம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு போவார், காலி டப்பாவோடு திரும்பி வருவார். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள், அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மத்தியானம் எடை மேடைக்குப் போனபோது, அப்பாவின் டப்பாவைக் கேட் காவல்காரர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே ஜன்னலருகில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டதற்கு, "பசிய நாம வெச்சுக்கிட்டு சோத்தைக் குடுத்துடணும். ரெண்டையும் நாமளே வெச்சுக்கக் கூடாது. வீட்ல சொல்லாத" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு முறைதான். அந்த மனிதரின் பிள்ளைதான் பிரிட்ஜில் அட்டை ஒட்டியிருக்கிறான்.

"நான் கடைக்குப் போறேன்" என்றாள்.

"போ. ஆனா வாங்கிட்டு வர்றது வாசப்படி தாண்டக் கூடாது."

"தாண்டும். நீ தடுத்துப் பாரு."

சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினாள். கடை பிரதான சாலையில், போய்வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை நம்ப அவள் தொழில் அவளை விடவில்லை. ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது படுக்கையறைக் கதவு திறந்தது.

தம்பி மனைவி வெளியே வந்தாள். பெரியவள் அவளை எப்போதும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. புருஷன் ஆமென் சொன்னால் அரை வினாடி கழித்து ஆமென் சொல்லுகிற பெண், அவ்வளவுதான். கடந்த மூன்று வாரமாக மாமனாரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, துணி மாற்றியது அவள் என்பதையும் ஏதோ நடக்கிற காரியமாகத்தான் வைத்திருந்தாள். தம்பி மனைவி இடுப்பில் ஒரு தகர டப்பாவை அணைத்துக்கொண்டிருந்தாள். ஊசி, நூல், பட்டன் போட்டு வைக்கிற நீல டப்பா.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக முன்னறைக்குப் போனாள். உபவாசக்காரர்களுக்கு வெந்நீர் மட்டும் உண்டு என்பதால் எலெக்ட்ரிக் கெட்டில் அவர்கள் வட்டத்துக்கு நடுவில்தான் இருந்தது. வீட்டில் வெந்நீருக்கு வேறு வழியே இல்லை. கால்களை விலக்கச் சொல்லி, நடுவில் போய் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தாள். மேலே ஒரு நூல்கண்டு. அதை எடுத்துக் கீழே வைத்தாள். அடியில் ரஸ்க் பாக்கெட் ஒன்று, பாதிக்கு மேல் காலி. பால் பவுடர். காகிதத்தில் மடித்த சர்க்கரை.

டம்ளரில் பவுடரைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கினாள். பால் வாசனை அந்த அறையில் எழுந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. 

"இது எங்கருந்து வந்துச்சு?" என்றான் தம்பி.

"பீரோவிலருந்து."

"யார் வெச்சா?"

"நான்தாங்க. எனக்கு."

"எத்தனை நாளா?"

அவள் ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அது டம்ளர் விளிம்பில் டிங் டிங் என்று பட்டது.

"பதினோரு நாளா. அடுப்பக் கழட்டுனதுலருந்து. மாமாவத் தூக்கறப்ப தலை சுத்துதுங்க. பசி தாங்கல."

டியூஷன் டீச்சர் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதில் துக்கத்தைவிட ருசி அதிகமாக இருந்தது. தம்பி மனைவி டம்ளரை ஒரு கையிலும் ரஸ்க்கை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுபடியும் எல்லாருடைய காலையும் தாண்டித்தான் அவள் வர வேண்டியிருந்தது. இந்தத் தடவை யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பெரியவள் ஒற்றைச் செருப்போடு அவள் பின்னால் ஓடினாள்.

அப்பாவின் தலையைப் பெரியவள் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். தம்பி மனைவி ரஸ்க்கைப் பாலில் முக்கி, ஊறும்வரை காத்திருந்து, ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தாள். அப்பா வாங்கினார். மெல்ல ஒன்றும் இல்லை. நாக்கில் அப்படியே வைத்திருந்து விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தபோது பெரியவளுக்குத் தன் தொண்டையில் ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது. அடுத்த வாய். அடுத்தது.

"சீனி கம்மி" என்றார்.

"இந்தாங்க மாமா, போடறேன்."

முதல் ரஸ்க் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பாதி போனதும் கையால் போதும் என்றார். மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

இருபத்தொரு நாளில் அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஆச்சு மாமா" என்றாள் அவள். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து நீர் டம்ளருக்குள்ளேயே விழுந்தது.

தம்பி வாசற்படியில் நின்றான். உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. அப்பா அவனைக் கண்டுகொண்டார். "மூஞ்சப் பாரு. அவனுக்கும் ஒண்ணு குடு" என்றார்.

தம்பி மனைவி ஒரு ரஸ்க்கை எடுத்து நீட்டினாள். நீட்டிய கையை அவன் பார்த்தான்.

"ஆறு மணிக்குப்பா" என்றான். "ஆறு மணிக்கு உங்க கூடவே சாப்பிடறேன்."

அப்பா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, விட்டுத்தள்ளினாரா தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பெரியவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் முன்னறைக்குப் போய்விட்டான். பாட்டு மறுபடியும் தொடங்கியது, கொஞ்சம் மெதுவாக.

அதற்குப் பிறகு அப்பா விழிக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடியது. பெரியவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, பத்து, பதிமூன்று. இருபதைத் தாண்டி முப்பதுக்கு வந்தபோது எண்ணுவதை நிறுத்தினாள். உதட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த ரஸ்க் துணுக்கை விரலால் எடுத்துவிட்டு, தாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. கூடவே, சாப்பிட்டுவிட்டுப் போனார், தம்பியின் ஆறு மணியை ஏமாற்றிவிட்டுப் போனார் என்று ஒரு சின்ன வெற்றிக் களிப்பும் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். கொஞ்ச நேரம்தான்.

அறைக்குள் எல்லாரும் வந்தார்கள். தம்பி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாகச் சபையில் ஓங்கி ஜெபிக்கிற வாய், அப்போது "அப்பா, அப்பா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. டியூஷன் டீச்சருக்கு வார்த்தை கிடைத்துவிட்டது.

"நல்லா பசியெடுத்து எழுந்த மனுஷன். சங்கிலின்னா ஒரு கண்ணி அறுந்தா போதுமே. கர்த்தர் பாத்துக்கிட்டுதானே இருக்கார்."

பெயரைச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. எல்லாரும் தம்பி மனைவியைப் பார்த்தார்கள். அவள் மாமனாரின் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தவள், கையை எடுத்துவிட்டாள். தான் தொடக்கூடாது என்பது போல. பெரியவள் தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"வயித்துக் கட்டியை ஊசி நூல் டப்பாவா கொண்டுவந்துச்சு?" என்றாள் பெரியவள். "டாக்டர் எட்டு மாசத்துக்கு முன்னாடியே சொன்னது உங்க காதுல விழல. வாய மூடுங்க டீச்சர். அதையும் உபவாசத்துல சேத்துக்குங்க."

ஆறு மணிக்குப் பாஸ்டர் வந்தார். சொன்ன நேரம் தவறாத மனிதர். சாட்சி சொல்லவைப்பதற்கென்று தயாராக இருந்த முகத்தை, படியேறி வருவதற்குள் துக்க முகமாக மாற்றியிருந்தார். கட்டிலருகில் நின்று ஜெபித்தார். நல்ல குரல். "இருபத்தொரு நாளும் உம்முடைய சமுகத்தில் தன்னைத் தாழ்த்தி, கடைசி மூச்சுவரை அன்னம் தொடாமல், உபவாசத்தோடே உம்மிடம் வந்த உமது அடியானை..."

"சாப்பிட்டார்" என்றாள் பெரியவள்.

ஜெபத்தின் நடுவில் யாரும் அப்படிப் பேசி அந்த அறை கேட்டதில்லை. பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ரெண்டரை ரஸ்க். ஒரு டம்ளர் பால். சீனி கம்மின்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

பாஸ்டர் திறந்த கண்ணை மூடிக்கொண்டார். "...திருப்தியோடே உம்மிடம் வந்த உமது அடியானை" என்று திருத்தி மேலே போனார். தொழில் தெரிந்தவர். கடைசியில் ஆமென் மட்டும் ஒழுங்காக வரவில்லை. ஒவ்வொருவராகச் சிதறிச் சொன்னார்கள். தம்பி மனைவி சொல்லவில்லை.

உபவாசம் முடிக்க ஏற்பாடு செய்திருந்த ரொட்டியும் பழச்சாறும் அந்த நேரம் பார்த்து வந்து இறங்கின. திருப்பியனுப்பவா முடியும்? பக்கத்து வீட்டு வராந்தாவில் வைத்துக் கொடுத்தார்கள். டியூஷன் டீச்சர் அழுதுகொண்டே இரண்டாவது டம்ளர் வாங்கினாள். கண்ணாடிக் கடைக்காரர் யாரையும் பார்க்காமல், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, நிதானமாக ஆறு துண்டு சாப்பிட்டார். பிறகு சவப்பெட்டிக்குச் சொல்லவும் கல்லறைக்கு ஆள் பார்க்கவும் கிளம்பினார்கள். அடக்கம் நாளைக் காலை.

ஏழரை மணிக்கு வீட்டில் குடும்பத்து ஆட்கள் மட்டும்தான். முன்னறையில் அப்பா வெள்ளைத் துணியில் கிடந்தார், அவர் தலைமாட்டில் தம்பி. தம்பி மனைவி சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நீல டப்பாவை யாரோ அடுப்பு மேடையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், பிடிபட்ட சாமான் போல. பெரியவள் ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு."

"வேணாங்க்கா."

"காலையிலருந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

"நான் சாப்பிட்டதாலதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"பைத்தியம் மாதிரி பேசாத. அந்தப் பொம்பளை சொன்னான்னா நீயும் நம்பறியா?"

 அவள் நம்பினாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டைத் தொடாமல், காலால்கூடப் படாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பெரியவளுக்குக் கோபம் வந்தது. வெளியே போன எட்டுப் பேர் மேல் வந்த கோபம், யார் கிடைத்தாலும் சரி என்று இவள் பக்கம் திரும்பியது.

"இவ்வளவு நாளா என்கிட்ட ஏன் சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன்ல?"

தம்பி மனைவி முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"நீங்க பதினாறு நாளா இந்தப் பக்கமே வரலக்கா. கோவிச்சுக்கிட்டுப் போனீங்க. மாமா தினம் கேப்பார், பெரியவ வந்தாளான்னு. நாளைக்கு வருவாங்கன்னு சொல்லுவேன்."

குத்திக்காட்டுகிற குரல் அல்ல அது. அதனால்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. நூறு பேருக்குக் கடைசித் தட்டு அனுப்பிய கை அவளுடையது. பத்தாம் நாள் அப்பா வாயை மூடியபோது அவள் பஸ்ஸில் முக்கால் மணி தூரத்தில், தம்பியை மனதுக்குள் திட்டிக்கொண்டு, வேறு யாருக்கோ கேரட் மசித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பாட்டை விட்டார்கள். அவள் அப்பாவையே விட்டிருந்தாள்.   அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கண் வீங்கியிருந்தது. தரையில் தொடாமல் கிடந்த தட்டைப் பார்த்தான், மேடையில் இருந்த டப்பாவைப் பார்த்தான். பெரியவள் உடம்பை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னான் என்றால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பதென்று முடிவு செய்துவிட்டாள்.

"எப்ப சாப்பிடுவ?" என்று மனைவியைக் கேட்டான்.

"என்னங்க?"

"இத்தனை நாளா. நான் வீட்லயேதானே இருந்தேன், நான் இல்லாதப்ப சபை ஆளுங்க இருந்தாங்க. எப்ப சாப்பிடுவ?"

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க குளிக்கப் போறப்ப. தண்ணி சத்தம் கேக்கற வரைக்கும். சத்தம் நின்னுட்டா மூடி வெச்சிடுவேன்."

 கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் குளிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெரியவளுக்கு அது தெரியும். அவனும் அதைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டான். மேடையிலிருந்த டப்பாவை எடுத்து மனைவிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

குழாய் திறந்தது. தண்ணீர் வெறும் வாளியில் விழுந்து, பிறகு தண்ணீரில் விழுந்து, பிறகு வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம் வந்தது. மொண்டு ஊற்றுகிற சத்தம் வரவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. பெரியவள் முன்னறையிலிருந்து கெட்டிலை எடுத்துவந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள். தம்பி மனைவி குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்தாள்.

பழக்க தோஷத்தில் முதலில் வேகமாக மென்றாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாவது வாயை நிதானமாக மென்றாள்.